வைரசும் புற்றுநோயும்: ஒரு துண்டுச் சீட்டின் கதை



நம் லயங்களில் சில நோய்களின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். கேட்பவரும் புரிந்துகொண்டு 'உச்சு' கொட்டுவார். புற்றுநோய் அப்படிப்பட்ட ஒன்று. அதனோடு 'வைரசு' என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நோயாளிக்குத் தனிக் குவளை, தனித் தட்டு, தனி மூலை என்று ஆகிவிடுகிறது. இன்றைய பேச்சில் இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சற்று நுட்பமான விஷயம். ஆயினும் பெரட்டுக் களத்தையும் ஆபீசையும் ஆலையையும் அறிந்த உங்களுக்கு இது கடினமாக இராது.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்கெராங் துறையிலிருந்து படகேறிச் சிங்கப்பூரின் சாங்கிக்குப் போனேன். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும் சிறு படகு அது. என் தந்தையாரின் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போனேன். அவர் சீனர். எங்கள் தோட்டத்துக்குச் சாமான் லோரி ஓட்டி வந்தவர். லயத்துப் பிள்ளைகளோடு பழகித் தமிழ் பேசக் கற்றவர். நாங்கள் அவரைப் பெரியப்பா என்றே அழைப்போம். முதுமையில் மகனோடு சாங்கி கிராமத்து அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்துவந்தார். படகை விட்டிறங்கி, அங்குள்ள ஸ்ரீ ராமர் கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. வலி இல்லை என்று சில மாதங்கள் விட்டுவிட்டார். பிறகு மருத்துவமனையில் சோதித்து, மூக்குத்தொண்டைப் புற்றுநோய் என்றார்கள். மூக்கின் பின்புறமும் தொண்டையின் மேற்புறமும் சந்திக்கும் இடத்தில் தோன்றும் நோய் அது. "இதற்கு ஒரு வைரசும் காரணம்" என்று மருத்துவர் சொன்னாராம். அன்று முதல் வீட்டில் அவருக்குத் தனிக் குவளை. பேத்தி வாசற்படியில் நின்றே பேசினாள். பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீ என்கூடத் தேத்தண்ணி குடிப்பியா, இல்லை நீயும் தள்ளித்தான் உக்காருவியா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மையில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியன் நான். பிள்ளைகளுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்து அறிந்ததையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்த நோயைச் சிங்கப்பூரில் கணக்கெடுத்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் நம்மவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. டாக்டர் கனகரத்தினம் சண்முகரத்தினம் 1921-இல் பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்தவர். 2023-இல் சிங்கப்பூரின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திரு. தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தையார். நோயுற்ற திசுவைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியால் ஆராய்வது அவர் தொழில். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவர் அவரே. 1968 முதல் அந்நாட்டில் யாருக்கு எந்த உறுப்பில் புற்றுநோய் கண்டது என்பது அதில் பதிவாகி வருகிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அவர் தனிக் கவனம் செலுத்திய நோய்களில் ஒன்று. 2018-இல் அவர் காலமானார்.

அந்தப் பதிவேடு ஒரு புதிரைக் காட்டியது. ஒரே தீவு, ஒரே காற்று, ஒரே தண்ணீர். ஆயினும் இந்த நோய் சீனரிடையே மிகுதி. மலாய்க்காரரிடையே அதைவிடக் குறைவு. இந்தியரிடையே மிகமிகக் குறைவு. தென்சீனத்தில் இருப்போரிடமும், அங்கிருந்து உலகெங்கும் குடியேறியவரிடமும் இதே நிலைதான். ஆகவே பரம்பரையில் ஏதோ ஒன்று இருக்கவேண்டும். சிறுவயது முதல் சீன முறையில் உப்பிட்ட மீனை உண்பதும் ஒரு காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. மூன்றாவது காரணம்தான் வைரசு.

அந்த வைரசைக் கண்டுபிடித்த கதை ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், சிறு பிள்ளைகளின் தாடையில் விரைந்து வளரும் ஒரு கட்டியைக் கண்டார். 1961-இல் இலண்டனில் அதைப் பற்றி அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர் அந்தோணி எப்ஸ்டைன். இதற்கு வைரசு காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கட்டியின் துண்டுகள் விமானத்தில் கம்பாலாவிலிருந்து இலண்டனுக்கு வந்துகொண்டே இருந்தன. ஈராண்டுக்கு மேல் தேடியும் ஒன்றும் கிட்டவில்லை. ஒருநாள் மூடுபனியால் விமானம் வேறு ஊரில் இறங்கிற்று. துண்டு தாமதமாக வந்தது. குப்பியில் இருந்த நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாமல் உற்றுப் பார்த்தார்கள். கட்டியின் உயிரணுக்கள் பிரிந்து உயிரோடு மிதந்துகொண்டிருந்தன! அவற்றை வளர்த்து, 1964-இல் எப்ஸ்டைன், இவான் பார், பெர்ட் அச்சோங் ஆகிய மூவரும் அந்த வைரசைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரசுகளில் முதலில் கண்டறியப்பட்டது அதுவே. எப்ஸ்டைன்-பார் வைரசு என்று அதற்குப் பெயர். 1970-இல் ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மானிய அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க் கட்டியிலும் அதே வைரசின் மரபுப்பொருளைக் கண்டார்கள்.

சரி, இத்தனை சிறிய வைரசு எப்படி ஒரு நல்ல உயிரணுவைக் கெடுக்கிறது? இங்கேதான் நம் துண்டுச் சீட்டு வருகிறது.

உயிரணு ஒன்றைத் தோட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே ஆபீசு. அதில் ஒரு பெரிய பேரேடு பூட்டிக் கிடக்கிறது. அதுவே டி.என்.ஏ. தோட்டத்தில் செய்யவேண்டிய வேலை எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் பேரேட்டை யாரும் வெளியே எடுத்துப் போவதில்லை. கிராணி அதில் வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் பார்த்தெழுதி ஆலைக்கு அனுப்புகிறார். அந்தச் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. ஆலையில் சீட்டைப் படித்து அதன்படி பொருள் செய்கிறார்கள். அந்தப் பொருளே புரதம். உயிரணுவின் வேலைக்காரர், காவலர், கருவி எல்லாம் புரதங்களே.

இது மட்டும்தான் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1993-இல் அமெரிக்காவில் விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்கன் என்ற இருவர் வேறொன்றைக் கண்டார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவை அவர்கள் ஆராய்ந்துவந்தார்கள். அப்புழுவில் ஒரு மரபணு கெட்டுப்போனால், புழு முதிர்ச்சி அடையாமல் இளம் பருவத்து வளர்ச்சியையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருந்தது. அந்த மரபணு எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட ஒரு குட்டி ஆர்.என்.ஏ.யை மட்டும் செய்தது. அந்தக் குட்டி என்ன செய்தது? ஆபீசிலிருந்து வந்த ஒரு பெரிய சீட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, ஆலையில் அதைப் படிக்கவிடாமல் தடுத்தது. 'இந்தச் சீட்டு வேண்டாம், நிறுத்து' என்று குறிப்பெழுதி ஒட்டும் துண்டுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். இப்படிப்பட்ட துண்டுச் சீட்டுகளுக்கான மரபணுக்கள் மனித உடலில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு என்று இன்று அறிவோம். இக்கண்டுபிடிப்புக்காக அவ்விருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

துண்டுச் சீட்டு கெட்டது என்று எண்ணிவிடாதீர்கள். எந்த வேலையை எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லாவிட்டால் தோட்டம் நடக்குமா? உரம் போடும் வேலை முடிந்த பிறகும் உரம் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? உடல் ஒழுங்காக வளர்வதற்கு இச்சீட்டுகள் இன்றியமையாதவை. கள்ளச் சீட்டு வரும்போதுதான் ஆபத்து.

2004-இல் நியூயார்க்கில் தாமஸ் டுஷ்ல் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கள்ளச் சீட்டைப் பிடித்தார்கள். வைரசுகளும் துண்டுச் சீட்டு எழுதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் பிடிபட்ட வைரசு எது தெரியுமா? நாம் பேசிக்கொண்டிருக்கும் எப்ஸ்டைன்-பார் வைரசே. அதன் துண்டுச் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் என்று பின்னர் எண்ணினார்கள். சீட்டை நறுக்கும் கத்தரியைக்கூட வைரசு கொண்டுவருவதில்லை. உயிரணுவின் கத்தரி, உயிரணுவின் ஒட்டுப்பசை, உயிரணுவின் ஆள். கையெழுத்து மட்டும் வைரசுடையது.

அந்தச் சீட்டு எதை நிறுத்துகிறது? பால்மரத் தோட்டத்தில் வெள்ளை வேர் நோய் வந்தால் என்ன செய்வோம்? நோய் கண்ட மரத்தை வேரோடு அகற்றுவோம். ஒரு மரம் போனாலும் மற்றவை பிழைக்கும். உயிரணுக்களிடமும் இப்படி ஒரு சட்டம் உண்டு. தான் கெட்டுவிட்டோம் என்று அறிந்த உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். அதற்குக் கட்டளையிடும் புரதங்களில் ஒன்றின் பெயர் 'பூமா'. வைரசின் துண்டுச் சீட்டுகளில் ஒன்று, இந்தப் பூமாவைச் செய்யச் சொல்லும் சீட்டின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 2008-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரம் நோயுற்றிருக்கிறது, 'வெட்டு' என்ற கட்டளை ஆலை வாசலிலேயே நின்றுவிடுகிறது. கெட்ட உயிரணு சாகவேண்டிய வேளையில் சாகாமல் பெருகுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. உடம்பின் காவற்படை, அந்நியப் புரதம் கண்ணில் பட்டால் உடனே பாயும். துண்டுச் சீட்டோ புரதம் அன்று. அது படையின் கண்ணில் எளிதில் படுவதில்லை. மேலும் வைரசு, தன் சொந்தப் புரதங்களையே சில சீட்டுகளால் குறைத்துக்கொள்கிறது. திருடன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல! மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க் கட்டிகளில் வைரசின் புரதங்கள் சிலவே இருக்க, துண்டுச் சீட்டுகள் ஏராளமாகக் குவிந்து கிடப்பதன் பொருள் இதுதான்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இந்தச் சீட்டுகள் தனியாக நின்று புற்றுநோயை உண்டாக்கிவிடுவதில்லை. பரம்பரை, உணவு, வைரசின் சில புரதங்கள், பல ஆண்டுகளாக மரபணுவில் சேரும் பிழைகள் எல்லாம் கூடும்போதுதான் நோய் வருகிறது. உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரசு உடம்பில் உண்டு. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். பெரும்பாலோருக்கு அது ஒரு தீங்கும் செய்யாமல் வாழ்நாள் முழுதும் தூங்கிக் கிடக்கும்.

இப்போது பெரியப்பாவின் குவளைக்கு வருவோம். இந்த வைரசு எச்சில் வழியாகப் பரவும் என்பது உண்மை. ஆனால் அந்த வீட்டில் பெரும்பாலும் எல்லாரும் அதைக் குழந்தைப் பருவத்திலேயே பெற்றிருப்பார்கள். புற்றுநோயோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கெட்டுப்போனது அவர் உடம்பின் உயிரணு; அது குவளை வழியே பேத்தியின் மூக்கில் போய் முளைக்காது. ஆகவே தனிக் குவளையால் எவருக்கும் பயன் இல்லை. நோயாளியின் மனத்தை நோகச் செய்வது ஒன்றே அதன் வேலை.

நம்மவருக்கு இந்தக் குறிப்பிட்ட நோய் அரிது என்றேன். அப்படியானால் நமக்கு எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். 2018-இல் உலகில் புதிதாகக் கண்ட புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 13, கிருமிகளால் வந்தவை. அவற்றுள் இரண்டு, நம் வீட்டு வாசலிலேயே நிற்பவை.

ஒன்று, பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய். இதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரசு. இதைக் காட்டியவரும் முன்னே சொன்ன சுர் ஹவுசனே. அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இந்த வைரசு வேறு வழியில் வேலை செய்கிறது. பி-53 என்ற தலைமைக் காவலரை இதன் புரதம் ஒன்று அழிக்கிறது. அந்தக் காவலர் இல்லாமல் போனால், உயிரணுவின் பெருக்கத்தை அடக்கும் நல்ல துண்டுச் சீட்டுகளில் ஒன்றும் குறைந்துபோகிறது. அங்கே கள்ளச் சீட்டு வந்து சேர்ந்தது. இங்கே நல்ல சீட்டு காணாமற் போகிறது. விளைவு ஒன்றே.

மற்றொன்று, ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் வைரசு. இது இரத்தத்தின் வழியும், தாம்பத்திய உறவின் வழியும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும்; கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் பரவாது. பல்லாண்டுகள் கல்லீரலில் தங்கிப் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடியது.

இவ்விரண்டுக்கும் தடுப்பூசி உண்டு என்பதே இன்று நான் சொல்ல வந்த நற்செய்தி. எப்ஸ்டைன்-பார் வைரசுக்கு இன்னும் ஊசி பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால் இவற்றுக்கு உண்டு. சிங்கப்பூரில் 1985-இல், வைரசு உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி போடத் தொடங்கினார்கள்; 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கினார்கள். மலேசியாவில் 1989 முதல் பச்சிளங் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. தைவானில் 1984-இல் தொடங்கியதன் பயனாக, பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 1997-இல் அறிவித்தார்கள். வைரசு உயிரணுவுக்குள் நுழையாவிட்டால் எந்தச் சீட்டையும் அது எழுத முடியாது அல்லவா?

பாப்பிலோமா ஊசி மலேசியாவில் 2010-இல் 13 வயதுப் பள்ளி மாணவியருக்கெனத் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவியருக்குப் பள்ளியிலேயே போடப்படுகிறது. வைரசு உடம்பில் நுழையுமுன் போட்டால்தான் முழுப் பயன். அதனால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள். வேறு தவறான எண்ணம் எதுவும் இதில் இல்லை. மணமான தாய்மாரோ, வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போய்க் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோயாக மாறுமுன்னே கண்டுபிடிக்கக்கூடிய புற்றுநோய் அது.

மூக்குத்தொண்டை நோயிலும் முந்திக்கொண்டால் பிழைக்கலாம். ஹாங்காங்கில் நடுவயது ஆண்கள் 20,000-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் வைரசின் மரபுப்பொருளைத் தேடினார்கள். 34 பேருக்கு நோய் இருந்தது. அவர்களுள் நூற்றுக்கு 71 பேரிடம் அது முதலிரண்டு நிலைகளிலேயே அகப்பட்டது. வழக்கமாக அப்படி அகப்படுவது நூற்றுக்கு 20 பேரிடம்தான் என்று 2017-இல் எழுதினார்கள். நமக்கு எளிய விதி இதுதான்: கழுத்தில் வலியில்லாத கட்டி, மூக்குச்சளியில் இரத்தம், ஒரு பக்கக் காது அடைப்பு, இரட்டைப் பார்வை. இவற்றில் ஒன்று சில வாரம் நீடித்தாலும் மருத்துவரிடம் போகவேண்டும். வலியில்லை என்று விட்டுவிடக் கூடாது. இந்த நோய் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது.

அடுத்த முறை நான் சாங்கிக்குப் போனபோது பெரியப்பாவுக்குக் கதிர்வீச்சு முடிந்திருந்தது. வாய் வறண்டு, குரல் கம்மியிருந்தது. நான் அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் மேசையில் இருந்த குவளையிலேயே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். பேத்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளிடம் இந்தத் துண்டுச் சீட்டின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் வாசற்படியை விட்டு வந்து தாத்தாவின் அருகில் உட்கார்ந்தாள். அவர் ஒன்றும் பேசவில்லை; அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! நம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் உங்கள் மகள், ஒருநாள் தடுப்பூசிக்கான சம்மதப் படிவம் ஒன்றைப் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவாள். அதுவும் ஒரு துண்டுச் சீட்டுத்தான். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து மறந்துவிடாதீர்கள். புரியாத இடம் இருந்தால் பள்ளி ஆசிரியரிடமோ கிளினிக்கிலோ கேளுங்கள். கேட்டுத் தெளிந்து, கையெழுத்திட்டு, மறுநாளே அனுப்பி வையுங்கள்.